சிங்கப்பூரில் சீனர்கள் அதிகம் என்பதால் பல்கலைக்கழக மாணவர்கள் சீனாவின் செல்வாக்கை வரவேற்கிறார்களா?

நான் கண்டவரை, இல்லை. ஊரிலிருந்து வரும் என் உறவினர்களும் இதையேதான் கேட்பார்கள். மக்கள்தொகையில் முக்கால்வாசி சீனர், ஆகவே சீனா பக்கம் என்று முடிவு கட்டிக்கொண்டுதான் கேட்பார்கள். நீங்களும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

2016 நவம்பரில், தைவானில் பயிற்சி முடிந்து திரும்பிய எங்கள் சிங்கப்பூர் ராணுவத்தின் ஒன்பது டெரெக்ஸ் கவச வாகனங்களை, சீனாவின் கீழுள்ள ஹாங்காங் துறைமுகத்தில் பிடித்து வைத்தார்கள். தைவானைத் தன் பகுதி என்று சொல்லும் சீன அரசு, அதனோடு ராணுவ உறவு கூடாது என்று கண்டித்தது. அப்போது நான் தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவச் சேவையில் இருந்தேன். அதே ரக வண்டியின் சக்கர இடுக்கில் காய்ந்த சேற்றைச் சுரண்டிக் கழுவியவன் நான். செய்தித்தாளில் அந்தப் படத்தைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. 2017 ஜனவரி கடைசியில்தான் அவை திரும்பி வந்தன.

இரண்டாம் ஆண்டு வகுப்பு விவாதத்தில் இதைச் சொன்னேன். "நீ இந்தியன், உனக்குச் சீனாவைப் பிடிக்காதுதானே?" என்றான் ஒருவன். சிறிய நாட்டில் பிறந்தவனின் கவலையை என் இனத்தின் கணக்கில் எழுதிவிட்டான். இன்றைக்கும் ஆறவில்லை.

எனக்கு முன்பே அவனுக்குப் பதில் சொன்னவள் பக்கத்தில் இருந்த சிங்கப்பூர்ச் சீனப் பெண். கைப்பேசியைத் திருப்பிக் காட்டினாள். 'தாய்நாடு' உயர்ந்த கதையைச் சொல்லும் நான்கு மாண்டரின் காணொளிகள், எல்லாம் அன்று காலை அவள் தாத்தா அனுப்பியவை. "என் தாய்நாடு இதுதான் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை" என்றாள். எனக்குச் செய்தியாக வருவது அவளுக்குச் சொந்தத் தாத்தாவிடமிருந்து வருகிறது. அவள் பாடு என்னுடையதைவிடக் கடினம்.

சீனாவை வெறுப்பதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 2013 முதல் எங்கள் மிகப்பெரிய வர்த்தகப் பங்காளி அதுதான். 2024 பிப்ரவரியில் விசா விலக்கு வந்தபின் என் தம்பியும் நண்பர்களும் விடுமுறைக்கு அங்கேதான் போகிறார்கள். போகட்டும், நல்லதுதான். நான் கண்டதைச் சொன்னேன், எல்லா மாணவர்களுக்காகவும் பேசவில்லை.