நிலக்கரி வேகன் என்று ஒரு வேகன் கிடையாது

கேள்வி: மேம்பாலத்தில் நின்று கூட்ஸ் வண்டிகளைப் படம் எடுப்பது என் பொழுதுபோக்கு. நிலக்கரி வேகன், சிமென்ட் வேகன், ஆயில் வேகன் என்று ஃபோல்டர் போட்டுப் பிரித்தேன். இப்போது பார்த்தால் ஒரே மாதிரி வேகன் இரண்டு ஃபோல்டரில் கிடக்கிறது. ஒரே ஃபோல்டரில் ஒன்றோடொன்று ஒட்டாத வேகன்களும் இருக்கின்றன. பக்கவாட்டில் உள்ள எழுத்தும் எண்ணும் எதைக் குறிக்கின்றன? தூசியில் எழுத்து மறைந்துவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: சிக்கல் உங்கள் ஃபோல்டர் பெயர்களில் இருக்கிறது. என்ன சரக்கு என்று பார்த்துப் பிரித்தால் குழப்பம்தான் மிஞ்சும். அந்தச் சரக்கை எப்படி இறக்குவார்கள் என்று பாருங்கள். வேகனின் உருவத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுதான்.

நிலக்கரியையே எடுத்துக்கொள்வோம். உயரமான பக்கச் சுவர், மேலே திறந்த பெட்டி, தட்டையான தரை என்றால் அது 'பாக்ஸ் என்' குடும்பம். அனல்மின் நிலையத்தில் டிப்ளர் இயந்திரம் வேகனை அப்படியே கவிழ்த்துக் கொட்டிவிடும். அதே நிலக்கரி வேறொரு வேகனிலும் வரும். அதன் இரு முனைகளும் உள்நோக்கிச் சரிந்திருக்கும், சரிவுக்கு வெளியே காற்றுத் தொட்டியும் குழாய்களும் தெரியும். அது பிஓபிஆர்என் என்ற ஹாப்பர். காற்றழுத்தத்தில் அடிக்கதவு திறக்க, நிலக்கரி தானே கீழே கொட்டும், கவிழ்க்க வேண்டியதில்லை. சரக்கு ஒன்று, இறக்கும் முறை இரண்டு, ஆகவே வேகனும் இரண்டு. பாக்ஸ் என் வேகனோ நிலக்கரியோடு நிற்பதில்லை. இரும்புத் தாது, ஜிப்சம் என்று எதையும் சுமக்கும். உங்கள் ஃபோல்டர் குழம்பியதற்கு இதுவே காரணம்.

உருளையாக இருப்பதெல்லாம் ஆயில் வேகனும் அல்ல. பெட்ரோலியப் பொருள்களுக்குப் பிடிபிஎன், சமையல் எரிவாயுவுக்கு அதைவிட நன்றாக நீண்ட பிடிபிஜிஎல்என். ஆனால் பிடிஏபி என்ற டேங்க் வேகனில் போவது அலுமினா தூள். காற்றைச் செலுத்தினால் தூளும் திரவம்போல ஓடும் என்பதால் அதற்கும் டேங்க்.

இனி எழுத்துகள். முதலில் வரும் 'பி' போகியைக் குறிக்கிறது. நம் ஊர்ப் பேச்சில் பெட்டி முழுவதையும் போகி என்கிறோம். ரயில்வேக்குப் போகி என்பது பெட்டிக்கு அடியில் உள்ள, நான்கு சக்கரங்கள் கொண்ட சட்டகம் மட்டுமே. ஒரு வேகனுக்கு இரண்டு போகி, எட்டுச் சக்கரம். அடுத்த எழுத்து உடலைச் சொல்லும்: 'ஓ' திறந்தது, 'சி' மூடியது, 'டி' டேங்க். 'எல்சி' என்று வந்தால் கன்டெய்னருக்கான தாழ்தள வேகன். 'என்' ஏர் பிரேக்கைக் குறிக்கும். வாக்குவம் பிரேக் வேகன்களிலிருந்து பிரித்துக் காட்டச் சேர்த்த எழுத்து அது. இன்று ஏறக்குறைய எல்லாமே ஏர் பிரேக்தான், என்றாலும் எழுத்து தங்கிவிட்டது.

கடைசியில் வரும் 'ஹெச்எல்' முக்கியமானது: அச்சுக்குக் கூடுதல் பாரம், வேகனின் சொந்த எடை குறைவு. பழைய பாக்ஸ் என் காலியாக 22.47 டன், ஏற்றுவது சுமார் 58.8 டன். பாக்ஸ் என் ஹெச்எல் காலியாக 20.6 டன், ஏற்றுவது சுமார் 71 டன். துருப்பிடிக்காத எஃகு உடல் வந்ததும், அச்சுப் பாரம் 20.32 டன்னிலிருந்து 22.9 டன்னுக்கு உயர்ந்ததும் சேர்ந்து செய்த வேலை இது. காலி எடையும் ஏற்றும் அளவும் வேகன் மீதே எழுதியிருக்கும். பெயர் அழிந்து இந்த எண்கள் மட்டும் தெரிந்தாலும் வகையை ஊகித்துவிடலாம்.

மூடிய வேகன்களில் நீளத்தைக் கவனியுங்கள். பிசிஎன்ஏ சுமார் 14.5 மீட்டர், பிறகு வந்த பிசிஎன்ஹெச்எல் சுமார் 11 மீட்டர்தான், ஆனால் உயரம் அதிகம். குட்டையானதுதான் அதிகம் சுமக்கிறது. மேம்பாலத்திலிருந்து எழுத்து தெரியாவிட்டால் வேகன்களை எண்ணிப் பாருங்கள். மூடிய வேகன்கள் நாற்பதை ஒட்டி முடிந்தால் பழைய வகை, 58-ஐ நெருங்கினால் ஹெச்எல்.

கன்டெய்னர் வேகனில் சக்கரத்தைப் பாருங்கள். மற்றவற்றில் 1000 மி.மீ., பிஎல்சி என்ற இந்தக் கன்டெய்னர் வேகனில் 840 மி.மீ. கன்டெய்னரை வைத்த பிறகும் மொத்த உயரம் வரம்புக்குள் நிற்க வேண்டுமே, அதற்காகத் தரையைத் தாழ்த்தியிருக்கிறார்கள். ஐந்து வேகன் சேர்ந்தது ஒரு யூனிட். யூனிட்டின் இரு கோடியில்தான் வழக்கமான கப்ளர் (கழற்றி மாட்டும் கொக்கி); உள்ளே நிரந்தர இணைப்புத் தண்டு.

மிச்சம் இருப்பது 11 இலக்க எண். முதல் இரண்டு இலக்கம் வகை: 10 முதல் 29 வரை திறந்தது, 30 முதல் 39 வரை மூடியது, 4-இல் தொடங்கினால் டேங்க், 85 முதல் 89 வரை பிரேக் வேன் (வண்டியின் கடைசியில் கார்டு செல்லும் பெட்டி). அடுத்த இரண்டு உரிமையாளர். தெற்கு ரயில்வேக்கு 06. (வேகன்கள் நாடு முழுக்கச் சுற்றுபவை. 06 என்று பார்த்து நம்ம ஊர் வண்டி என்று குறித்துவிடாதீர்கள்.) அதன்பின் இரண்டு இலக்கம் தயாரித்த ஆண்டு, நான்கு இலக்கம் தனி எண், கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம்.

படத்தில் ஒரு இலக்கம் மங்கினால் இந்தக் கடைசி இலக்கம் கைகொடுக்கும். கணக்குக்காக நானே போட்ட எண் 1006112345 என்று வைத்துக்கொள்வோம். இரட்டை இடங்களில் உள்ளவை 0, 6, 1, 3, 5; கூட்டினால் 15, மூன்றால் பெருக்கினால் 45. ஒற்றை இடங்களில் 1, 0, 1, 2, 4, கூட்டினால் 8. மொத்தம் 53. அடுத்த பத்தின் மடங்கு 60, வித்தியாசம் 7. ஆக முழு எண் 10061123457. மங்கிய இடத்தில் 3-ஆ 8-ஆ என்று சந்தேகம் வந்தால் இரண்டையும் போட்டுப் பாருங்கள். இரட்டை இடமானாலும் ஒற்றை இடமானாலும் ஒன்றுதான் கணக்குக்கு ஒத்துவரும்.

இருக்கும் ஃபோல்டர்களைக் கலைத்துவிட்டு திறந்தது, மூடியது, டேங்க், ஹாப்பர், தட்டை, கன்டெய்னர், பிரேக் வேன் என ஏழாகத் தொடங்குங்கள். ஹெச்எல் போன்ற பிரிவுகளை அதற்குள் வையுங்கள். எண்ணைப் படிப்பதற்காகத் தண்டவாளத்தில் இறங்க வேண்டாம். லென்ஸை நீட்டினால் போதும்.