போதகர் ‘நான் அப்போஸ்தலன்’ என்று சொல்லி வேலையை விடச் சொன்னால்?

கேள்வி: கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் பிரிவில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். திருமணம் ஆகவில்லை. வயதான அம்மா என்னோடு இருக்கிறார்கள். எங்கள் சபைப் போதகர் சமீபகாலமாகத் தன்னை ‘அப்போஸ்தலர்’ என்றுதான் அழைக்கச் சொல்கிறார். “முழுநேர ஊழியம்தான் உன்னைக் குறித்த தேவ நோக்கம். வட்டி எழுதும் வேலையை விட்டுவிடு. வருகிற பி.எஃப். பணத்தை ஆலயக் கட்டுமானத்துக்கு விதை” என்கிறார். நான் தயங்கினால், “பவுல் சொன்னால் மறுப்பாயா? அபிஷேகம் பெற்றவனை எதிர்த்தால் தேவனையே எதிர்த்தது போல” என்கிறார். தேவனுக்காக வாழ வேண்டும் என்கிற ஆசை எனக்கு உண்மையாகவே இருக்கிறது. நான் கீழ்ப்படியாதவளா?

பதில்: சகோதரி, முதலில் ஒன்று. இப்போதைக்கு ராஜினாமா கடிதம் எழுதாதீர்கள். பி.எஃப். சம்பந்தமான எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

பவுலின் இடத்தில் தன்னை வைத்துக்கொண்டு அவர் பேசுவதால், அந்த இடம் யாருக்கு உரியது என்பதிலிருந்து தொடங்குகிறேன். யூதாஸின் இடத்துக்கு ஒருவரைத் தெரிந்தெடுத்த சம்பவம் அப்போஸ்தலர் நடபடிகள் 1-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அங்கே பேதுரு ஒரு தகுதியைச் சொல்கிறார். யோவான் ஞானஸ்நானம் கொடுத்த நாள் முதல் கர்த்தர் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட நாள் வரை கூடவே இருந்தவராக இருக்க வேண்டும். அவர் உயிர்த்தெழுந்ததற்குச் சாட்சியாக நிற்க வேண்டும். ஏறக்குறைய 120 பேர் கூடியிருந்த இடத்தில் நிறுத்தப்பட்டவர்கள் இருவரே: பர்சபா என்னும் யோசேப்பு, மத்தியா. வரம் இருக்கிறதா, பேச்சில் வல்லமை இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. நேரில் கண்டவரா என்பதுதான் கேள்வி.

12-ஆம் அதிகாரத்தில் இன்னொன்று நடக்கிறது. பலரும் அதைக் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள். யோவானின் சகோதரனாகிய யாக்கோபை ஏரோது பட்டயத்தால் கொலை செய்கிறான். பன்னிருவரில் ஒருவர் போய்விட்டார். ஆனால் அவருக்குப் பதிலாக இன்னொருவரைத் தெரிந்தெடுத்ததாக ஒரு வரிகூட இல்லை. யூதாஸ் துரோகத்தால் இழந்த இடத்தை நிரப்பினார்கள். கடைசிவரை உண்மையாய் இருந்து மரித்த சாட்சியின் இடத்தை யாரும் காலியிடமாகப் பார்க்கவில்லை.

ஒரு வழக்கில் சம்பவத்தை நேரில் பார்த்தவர் இறந்துவிட்டால், அவருடைய மகனைக் கூண்டில் ஏற்றி “நீ பார்த்ததைச் சொல்” என்று கேட்க முடியாது. இறந்தவர் கொடுத்த வாக்குமூலத்தைத்தான் எடுத்து வாசிக்க வேண்டும். அப்போஸ்தலருடைய அதிகாரமும் அப்படிப்பட்டதுதான். பவுலுக்கும் இதே அளவுகோல்தான். “நம்முடைய கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவை நான் தரிசிக்கவில்லையா?” என்று 1 கொரிந்தியர் 9-இல் கேட்கிறார். 15-ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்தவரைக் கண்டவர்களை வரிசையாகச் சொல்லி முடித்து, “எல்லாருக்கும் பின்பு” தனக்கும் தரிசனமானார் என்கிறார். அந்த வரிசையில் கடைசி ஆள் தான்தான் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது.

சரி, பர்னபாவையும் அப்போஸ்தலர் என்று வேதம் சொல்கிறதே என்று அவர் கேட்கலாம். சொல்கிறது. அந்தியோகியா சபை அனுப்பிய ஊழியக்காரர் என்கிற பரந்த பொருளில் அதை எடுத்துக்கொள்ளலாம். சபையே இல்லாத ஊருக்குப் போய் ஊழியத்தைத் தொடங்கும் ஒருவரை அந்தப் பொருளில் யாராவது அப்படி அழைத்தால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். எபேசியர் 4:11-ஐ வைத்து அப்போஸ்தலர், தீர்க்கதரிசி, சுவிசேஷகர், மேய்ப்பர், போதகர் என்கிற ஐந்துவித ஊழியங்களும் இன்றும் உண்டு என்று நம்புகிற நல்ல சபைகளும் இருக்கின்றன. ஆனால் அதே நிருபத்தின் 2:20, அப்போஸ்தலரும் தீர்க்கதரிசிகளும் அஸ்திபாரம் என்கிறது. அஸ்திபாரம் ஒருமுறைதான் போடப்படும். உங்கள் போதகர் கேட்பது அந்த அஸ்திபாரத்துக்குரிய அதிகாரத்தை. சிக்கல் அங்கேதான்.

அப்போஸ்தலருக்கு அடுத்த தலைமுறையினர் இதை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று பாருங்கள். சிரியாவின் அந்தியோகியாவில் பேராயராக இருந்த இக்னாசியு, 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காட்டு மிருகங்களுக்கு இரையாகப் போடப்படுவதற்காக ரோமுக்குக் கொண்டுபோகப்பட்டார். வழியில் ரோமச் சபைக்கு ஒரு கடிதம் எழுதினார். பேதுருவையும் பவுலையும் போல நான் உங்களுக்குக் கட்டளையிடவில்லை, அவர்கள் அப்போஸ்தலர்கள், நான் தண்டனைத் தீர்ப்புப் பெற்ற கைதி என்கிற கருத்தை அதில் சொல்கிறார். கிறிஸ்துவுக்காக உயிரையே கொடுக்கப் போகிறவர்! அவரே அந்த ஸ்தானத்தில் கை வைக்கவில்லை. இதை வாசிக்கும்போதெல்லாம் இன்றைய விளம்பரப் பலகைகள் என் நினைவுக்கு வந்து மனம் நோகிறது.

‘டிடாக்கே’ என்ற மிகப் பழைய சபை ஒழுங்குநூல் ஒன்று உண்டு. அதன் கையெழுத்துப் பிரதி 1873-இல்தான் கான்ஸ்டாண்டிநோபிளில் கண்டெடுக்கப்பட்டது. ஊர் ஊராகப் போன ‘அப்போஸ்தலர்களை’ எப்படிச் சோதிப்பது என்று அதில் இருக்கிறது. ஒரு நாள் தங்கலாம், தேவைப்பட்டால் இன்னொரு நாளும் தங்கலாம். மூன்று நாள் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது வழிக்கு அப்பம் மட்டும் வாங்கிக்கொள்ளலாம். பணம் கேட்டால் கள்ளத் தீர்க்கதரிசி. பணம் கேட்கிற அப்போஸ்தலர் அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறார் என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

ரோமன் கத்தோலிக்கர் ஆயர்களை அப்போஸ்தலரின் வாரிசுகளாகக் கருதுகிறார்கள். அவர்கள்கூட, அப்போஸ்தலர் காலத்துக்குப் பிறகு எல்லாருக்கும் பொதுவான புதிய வெளிப்பாடு எதுவும் இல்லை என்றே போதிக்கிறார்கள். 1835-இல் லண்டனில் ஓர் இயக்கத்தார் புதிதாகப் பன்னிரண்டு அப்போஸ்தலர்களை ஏற்படுத்தினார்கள். கடைசி ஆள் 1901-இல் இறந்தார். புதிய ஊழியர்களை அபிஷேகம் செய்ய யாரும் இல்லாமல் அந்தச் சபை மெல்ல ஒடுங்கிப்போனது.

உங்களுக்கு மிக அவசியமானதை இனிமேல்தான் சொல்லப்போகிறேன். ஒரு வாதத்துக்காக, உங்கள் போதகருக்குப் பவுலின் அதிகாரம் அப்படியே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பவுல் அந்த அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்தினார்?

1 கொரிந்தியர் 16:12-ஐத் திறந்து வாசியுங்கள். கொரிந்துவுக்குப் போகும்படி அப்பொல்லோவை மிகவும் வேண்டிக்கொண்டேன் என்கிறார் பவுல். அடுத்து, “இப்பொழுது வர அவனுக்கு எவ்வளவும் மனதில்லை, அவனுக்குச் சமயமுண்டாகும்போது வருவான்.” அவ்வளவுதான்! கர்த்தரை நேரில் கண்ட அப்போஸ்தலர், அதுவும் ஊழிய விஷயத்தில், இன்னொரு ஊழியரை வருந்திக் கேட்கிறார். அவர் முடியாது என்கிறார். பவுல் சபிக்கவில்லை, கலகக்காரன் என்று சொல்லவில்லை. நேரம் வரும்போது வருவான் என்று சாதாரணமாக எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். “பவுல் சொன்னால் மறுப்பாயா?” என்று இனி யாராவது கேட்டால், அப்பொல்லோ மறுத்திருக்கிறார் என்று சொல்லுங்கள்.

பிலேமோனுக்கு எழுதும்போதும் அப்படித்தான். கட்டளையிட எனக்குத் துணிவு உண்டு, ஆனாலும் அன்பினிமித்தம் மன்றாடுகிறேன் என்கிறார். உமது சம்மதமில்லாமல் ஒன்றும் செய்ய மனதில்லை என்கிறார். திருமணம் பற்றிய 1 கொரிந்தியர் 7-இல், இது கர்த்தருடைய கட்டளை, இது என் அபிப்பிராயம் என்று பிரித்தே சொல்கிறார். தன் யோசனையைத் தேவனுடைய வாயில் வைக்க அவருக்கு அவ்வளவு பயம். “உங்கள் விசுவாசத்திற்கு நாங்கள் அதிகாரிகளாயிராமல், உங்கள் சந்தோஷத்திற்குச் சகாயராயிருக்கிறோம்” என்பது 2 கொரிந்தியர் 1:24.

பண விஷயத்தில் பேதுரு அனனியாவிடம் என்ன சொன்னார்? விற்கும் முன்னும் அது உன்னுடையதுதான், விற்ற பிறகும் பணம் உன் வசத்தில்தான் இருந்தது என்றார். கொடுக்கவில்லை என்பதற்காக அனனியா தண்டிக்கப்படவில்லை. பொய் சொன்னான், அதுதான் குற்றம்.

‘அபிஷேகம் பெற்றவனைத் தொடாதே’ என்று அவர் காட்டும் வசனம் சங்கீதம் 105-இல் இருக்கிறது. அங்கே பேசப்படுகிறவர்கள் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு குடும்பத்தார். தேசம் தேசமாக அலைந்த எளியவர்கள். எச்சரிக்கப்படுகிறவர்கள் ராஜாக்கள். பலமுள்ளவர்களின் கையிலிருந்து பலவீனரைக் காப்பாற்றச் சொன்ன வசனம் அது. அதைக் கொண்டு கேள்வி கேட்கிற ஒரு விசுவாசியின் வாயை அடைக்கக் கூடாது. பவுல் சொன்னது சரியா என்று தினமும் வேதத்தைத் திறந்து பார்த்த பெரோயா ஊராரை வேதம் பாராட்டுகிறது. அப்போஸ்தலர் என்று சொல்லிக்கொண்டவர்களைச் சோதித்துப் பார்த்ததற்காக எபேசு சபையை வெளிப்படுத்தின விசேஷம் 2-இல் கர்த்தரே பாராட்டுகிறார்.

இதனால் போதகருக்கு அதிகாரமே இல்லை என்று ஆகாது. நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று எபிரெயர் 13:17 சொல்கிறது, அதை நான் மதிக்கிறேன். நீங்கள் கள்ளக் கணக்கு எழுதினால் அவர் கண்டிக்கலாம், கண்டிக்கவும் வேண்டும். வேதத்தில் எழுதியிருப்பதை எடுத்துச் சொல்லும்வரை அந்த அதிகாரம் மெய்யானது. எந்த வேலை பார்ப்பது, சேமிப்பை என்ன செய்வது என்பதிலெல்லாம் அவர் ஆலோசனை சொல்லலாம். கட்டளையிட முடியாது.

இனி உங்கள் வேலைக்கு வருவோம். ஞானஸ்நானம் பெற வந்த ஆயக்காரர், அதாவது வரி வசூலிப்பவர்கள், “நாங்கள் என்ன செய்யவேண்டும்?” என்று யோவான்ஸ்நானகனிடம் கேட்டார்கள். அன்றைக்கு ஜனங்கள் வெறுத்த வேலை அது. அதை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. கட்டளையிடப்பட்டிருக்கிறதற்கு அதிகமாக ஒன்றும் வாங்காதீர்கள் என்றார். ரோமர் நிருபத்தின் கடைசியில் வாழ்த்துதல் அனுப்புகிற ஏரஸ்து, பட்டணத்தின் பணப் பொறுப்பில் இருந்தவர். பவுலும் அவரை ராஜினாமா செய்யச் சொன்னதாக இல்லை. சகோதரனாகிய இஸ்ரவேலனிடம், முக்கியமாக ஏழையிடம், வட்டி வாங்குவதை நியாயப்பிரமாணம் தடுத்தது; அந்நியனிடம் வாங்க அனுமதித்தது. தாலந்து உவமையில் காசுக்காரரிடம் போட்டு வட்டியோடு வாங்குவது ஒரு குறையாகப் பேசப்படவில்லை.

உங்கள் கவுண்டரை யோசித்துப் பாருங்கள். வாசிக்கத் தெரியாத ஒரு பாட்டி பேத்தியின் காலேஜ் ஃபீஸுக்காகக் கம்மலை வைக்க வருகிறார். எடையையும் மதிப்பையும் அவர் காதில் விழும்படி சொல்கிறீர்கள். வட்டி எவ்வளவு, எந்தத் தேதிக்குள் திருப்ப வேண்டும், தவறினால் ஏலத்துக்குப் போகும் என்று பொறுமையாகச் சொல்லி, கைரேகை வாங்கும் முன் புரிந்ததா என்று கேட்கிறீர்கள். கெடு நெருங்கும்போது போன் போட்டு ஞாபகப்படுத்துகிறீர்கள். அந்தக் கவுண்டரில் அக்கறையில்லாத ஒருவர் உட்கார்ந்திருந்தால் அந்தக் கம்மல் போய்விடும். “எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்றே” என்று கொலோசெயர் நிருபம் அடிமைகளுக்கு எழுதியது. தன் வேலையைத் தானே தெரிந்தெடுக்க முடியாத அடிமையின் உழைப்பே கர்த்தருக்குச் செய்கிற ஊழியமாக எண்ணப்படும்போது, உங்களுடையது எண்ணப்படாதா? தேவ நோக்கத்துக்காக எங்கோ போய்க் காத்திருக்க வேண்டியதில்லை. காலை 10 மணிக்கு நீங்கள் உட்காரும் நாற்காலியிலேயே அது நடந்துகொண்டிருக்கிறது.

முழுநேர ஊழிய அழைப்பு உங்களுக்கு இருக்கவும் கூடும். அதை நான் மறுக்கவில்லை. அப்படி இருந்தால் அப்போஸ்தலர் 13-ஐப் பாருங்கள். அந்தியோகியாவில் பலர் சேர்ந்து உபவாசித்து ஜெபித்தபோதுதான் பர்னபாவும் சவுலும் அனுப்பப்பட்டார்கள். அவர்களைத் தேவன் அதற்கு முன்பே அழைத்திருந்தார். உங்களுக்குள் அந்தப் பாரம் இருக்கிறதா, உங்களை நன்றாக அறிந்த முதிர்ந்த விசுவாசிகள் சிலர் தனித்தனியாக அதையே சொல்கிறார்களா என்று பாருங்கள். மாலை நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் செய்து பாருங்கள். பவுல் கொரிந்துவில் ஒன்றரை வருடம் இருந்தார். ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு கூடாரத் தொழில் செய்துகொண்டே பிரசங்கித்தார். எந்தப் பக்கமிருந்தும் அவசரம் தேவையில்லை.

போதகரிடம் தனியாகப் போகாதீர்கள். சபை மூப்பர் ஒருவரையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போங்கள். “அய்யா, ஜெபித்தேன். வேலையை இப்போது விடப்போவதில்லை. பி.எஃப். அம்மாவின் பராமரிப்புக்கும் என் வயதான காலத்துக்கும் உரியது” என்று மரியாதையோடு சொல்லுங்கள். தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்வது உங்களுக்குத் துணை. கட்டுமானக் கணக்கை யார் தணிக்கை செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைப் பவுல் தனியாகக் கொண்டுபோகவில்லை, ஒருவரும் குற்றம் சொல்லாதபடி மற்றவர்களைக் கூட வைத்துக்கொண்டார். ஆகவே அந்தக் கேள்வியில் அவமரியாதை எதுவும் இல்லை.

நல்ல மேய்ப்பராக இருந்தால் அவர் வருத்தப்பட்டாலும் உங்களுக்காக ஜெபித்து அனுப்புவார். சாபம் வரும் என்றோ, சபையை விட்டு நீக்குவேன் என்றோ மிரட்டினால், அது 3 யோவானில் வருகிற தியோத்திரேப்பு செய்த வேலை. முதன்மையாக இருக்க விரும்பி, சகோதரரைச் சபைக்குப் புறம்பாக்கியவர் அவர். அப்படி நடந்தால் வாக்குவாதம் வேண்டாம். வேதத்தைத் திறந்து போதிக்கிற, கணக்கைத் திறந்து காட்டுகிற வேறொரு சபைக்கு அடுத்த ஞாயிறே அம்மாவையும் அழைத்துக்கொண்டு போங்கள்.