களிக்கு எந்த பீர்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐப்பசி, கார்த்திகைச் சாப்பாட்டோடு, சின்ன ஆலைகளில் காய்ச்சும் கிராஃப்ட் பீர் சேருமா என்று கேட்டு வந்த கடிதங்களுக்கான பதில்கள் இவை. இந்தப் பக்கம் 21 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்.

நண்பர்களோடு, அங்கேயே பீர் காய்ச்சி விற்கும் பெங்களூரு மைக்ரோ ப்ரூவரிக்குப் போகிறோம். சின்ன கிளாஸில் ஐந்தாறு வகை வாங்கிப் பார்த்தால், மூன்றாவதுக்கு மேல் எல்லாம் ஒரே மாதிரி கசக்கிறது. எங்கே தப்பு?
— ஓசூர் வாசகர்

வரிசையில்தான் தப்பு. ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைத் தூக்கலாகப் போட்டுக் காய்ச்சும் ஐபிஏவை நடுவில் குடித்துவிட்டால் அதன் கசப்பு நாக்கை விட்டுப் போக நேரமாகும். அதற்குப் பின்னால் வரும் மென்மையான பீர் எல்லாம் தண்ணீராகவோ வெறும் கசப்பாகவோதான் தெரியும். வெளிர் லாகர், கோதுமை பீர், செம்பழுப்பு ஆம்பர், ஸ்டவுட், கடைசியில் ஐபிஏ என்று போங்கள். நிறத்தை நம்பாதீர்கள். ஸ்டவுட் கன்னங்கரேல் என்று இருந்தாலும் பல ஐபிஏக்களை விடக் கசப்பு குறைவு. மெனுவில் ஐபியு என்று ஓர் எண் போட்டிருந்தால் அது கசப்பின் அளவு. கோதுமை பீருக்கு 8 முதல் 15, ஐபிஏவுக்கு 40 முதல் 70 என்று இருக்கும். எண் சிறியதிலிருந்து பெரியதற்குப் போனால் போதும்.

ஒரு வகைக்கு 100 மில்லி, இவற்றில் ஏதாவது நான்கு வகை. அதற்கு மேல் நாக்கு ஒத்துழைக்காது.

கிளாஸ் கைக்கு வந்ததும் குடிக்காதீர்கள், மோந்து பாருங்கள். நுரை உடையும் முதல் அரை நிமிடத்தில்தான் வாசனை நன்றாக எழும்பும். ஜெர்மன் பாணிக் கோதுமை பீரில் பழுத்த வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். இரண்டையும் யாரும் போடுவதில்லை, புளிக்கும்போது ஈஸ்ட் உண்டாக்கும் மணம் அது. பிறகு ஒரு வாய் எடுத்து மூன்று நொடி நிறுத்தி விழுங்கி, வாயை மூடியபடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அந்த மூச்சில்தான் இருக்கிறது.

ஸ்டவுட்டை மட்டும் பத்து நிமிடம் மேசையில் விட்டுவிடுங்கள். 4 டிகிரிக் குளிரில் கருகல் கசப்பு மட்டும்தான் தெரியும். 10, 12 டிகிரிக்கு வந்தால் அதே கிளாஸில் காபியும் சாக்லேட்டும் வெளியே வரும். இடையில் வாய் கொப்பளிக்கத் தண்ணீர், கடிக்க வெறும் ரொட்டி. மசாலாக் கடலை வேண்டவே வேண்டாம்.

நாட்டுக்கோழிக் குழம்பும் கேழ்வரகுக் களியும் செய்து, நல்லது என்று சொன்னார்களே என்று ஐபிஏ வாங்கி வைத்தேன். வாய் பற்றி எரிந்தது. பீர் காரத்தைத் தணிக்கும் என்பது பொய்யா?
— தருமபுரி வாசகர்

பாதி பொய். மிளகாயின் எரிச்சலுக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் கரையாது. பீரில் இருக்கும் 5 சதவீத ஆல்கஹாலும் அதைக் கரைத்து எடுக்கப் போதாது. மாறாக, ஆல்கஹாலும் வாயுவின் சுறுசுறுப்பும் ஹாப்ஸின் கசப்பும் சேர்ந்து எரிச்சலைத் தூண்டிவிடும். இவற்றில் ஆல்கஹாலும் கசப்பும் ஐபிஏவில் தூக்கலாக இருக்கின்றன. குளிர்ச்சி ஒரு நொடி சுகம் தரும், அவ்வளவுதான்.

தணிப்பது மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியின், இனிப்பு. நம் பக்கத்துச் சமையலுக்கு மால்ட் தூக்கலான பீர்தான் சேரும், ஹாப்ஸ் தூக்கலானது சேராது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம். களிக்கும் கோழிக்குழம்புக்கும் ஆம்பர் லாகர் அல்லது டுங்கல் எனப்படும் கரும்பழுப்பு லாகர் எடுங்கள். அதன் வறுத்த தானிய மணமும் கேழ்வரகின் மண் மணமும் ஒரே குடும்பம். ஆல்கஹால் 5.5 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ‘ஸ்ட்ராங்’ என்று எழுதியிருப்பதில் 8 சதவீதம் வரை இருக்கும், அது காரத்தோடு சேர்ந்தால் தொண்டை வரை எரியும்.

பிதுக்கம்பருப்புக் குழம்புக்குக் கோதுமை பீர். அரைத்த மசாலாவின் கிராம்பும் பீரின் கிராம்பு மணமும் ஒன்றையொன்று தூக்கிவிடும், தேங்காயின் கனத்தை வாயு கழுவிவிடும். ஒகேனக்கல் பாணி மீன் வறுவலுக்கு 5 டிகிரியில் குளிர்ந்த பில்ஸ்னர் என்ற வெளிர் லாகர், ஆனால் மிளகாய்த்தூளைப் பாதியாகக் குறைத்துவிட்டு. கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போட்டே காய்ச்சும் பெல்ஜியம் பாணி விட்பியர் கிடைத்தால் அது இன்னும் மேல், எலுமிச்சை பிழிந்த மீனுக்கு அதற்கு இணை கிடையாது. புதுக் கடலையை உப்புப் போட்டு அவித்தால் எந்த பீருக்கும் சரி, உப்பு கசப்பை மட்டுப்படுத்தும்.

தீபாவளி அதிரசத்தோடு ஸ்டவுட் நன்றாக இருக்குமே என்று தோன்றும். பண்டத்தை விட பீர் இனிப்புக் குறைவாக இருந்தால் பீர் கசந்து மெலிந்துபோகும், அதிரசமோ முழுக்க வெல்லம். பால் சர்க்கரை சேர்த்த மில்க் ஸ்டவுட்டோடு அரை அதிரசம் என்றால் தாங்கும்.

‘அக்டோபர் பீர்’ என்பது அக்டோபரில் காய்ச்சுவதா?
— கிருஷ்ணகிரி வாசகர்

இல்லை. அதன் பெயரே மார்சன், அதாவது மார்ச் மாதத்து பீர். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் கோடையில் காய்ச்சினால் கெட்டுப்போகும். அதனால் பவேரியாவில் 1553ஆம் ஆண்டு ஆணைப்படி செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரைதான் காய்ச்சலாம். மார்ச்சில் கொஞ்சம் கெட்டியாகக் காய்ச்சிக் குளிர்ந்த நிலவறையில் வைத்து, இலையுதிர் காலத்தில் மிச்சத்தைத் தீர்ப்பார்கள். மியூனிக்கின் அக்டோபர்ஃபெஸ்ட் 1810இல் ஓர் அரச குடும்பத் திருமணத்தில் தொடங்கியது. அங்கே இலை உதிரும் பருவம் நமக்கு மழைப் பருவம். ரொட்டி மேல்தோல் மணமும் 6 சதவீதத்தை ஒட்டிய ஆல்கஹாலும் உள்ள அந்த பீர் ஈரக்காற்றுக்கும் பொருந்துகிறது. ஒரு கிளாஸோடு நிறுத்திக்கொள்ள வேண்டிய பீர் அது.

பச்சை பாட்டில் பீரைத் திறந்தால் ஒருவிதக் கெட்ட நாற்றம். தேதி இன்னும் முடியவில்லை. குடிக்கலாமா?
— பாலக்கோடு வாசகர்

வெளிச்சம் பட்ட பீர். ஹாப்ஸின் கசப்புப் பொருள் ஒளியில் உடைந்து கந்தக நாற்றம் தருகிறது. நேர் வெயிலில் சில நிமிடங்களே போதும். பச்சை, வெள்ளைக் கண்ணாடி இதைத் தடுக்காது, பழுப்புக் கண்ணாடி பெருமளவு தடுக்கும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ருசிதான் போயிற்று. நனைந்த அட்டைப்பெட்டி மணம் வந்தால் அது வேறு, வெக்கையில் கிடந்து காற்றோடு கலந்து பழசானது. வெண்ணெய் மணம் என்றால் புளித்தல் முழுமையாகவில்லை என்று பெரும்பாலும் அர்த்தம். மைக்ரோ ப்ரூவரியில் இந்த மணம் வந்தால் தயங்காமல் சொல்லி மாற்றிக் கேளுங்கள்.

எங்கள் ஊரில் விளையும் கேழ்வரகில் பீர் காய்ச்ச முடியுமா? வீட்டிலேயே செய்யலாமா?
— தேன்கனிக்கோட்டை வாசகர்

வீட்டில் கூடாது. உரிமம் இல்லாமல் காய்ச்சுவது தமிழ்நாட்டில் குற்றம். ஆனால் உங்கள் கேழ்வரகு பீருக்கு ஏற்ற தானியம்தான். சிக்கிம், நேபாளப் பகுதிகளின் தோங்பா இதே கேழ்வரகைப் புளிக்கவைத்துச் செய்வது.

ஆலையில் வரும் சிக்கல் இரண்டு. பார்லி மாவுச்சத்து இளகும் சூட்டில் கேழ்வரகு மாவுச்சத்து சரியாக இளகாது. எனவே கேழ்வரகைத் தனியாக, ஏறக்குறையக் களி கிண்டுவது போல வேகவைத்து, பிறகு 63 முதல் 68 டிகிரியில் இருக்கும் பார்லி மால்ட் கலவையில் சேர்ப்பார்கள். மால்ட்டின் நொதிகள் மாவைச் சர்க்கரையாக்கும். சூடு 75ஐத் தாண்டினால் நொதிகள் செத்துவிடும், கலவை கூழாகவே நின்றுவிடும். இரண்டாவது, வடிகட்டுவது. பார்லியின் உமியே சல்லடை மாதிரி வேலை செய்யும், கேழ்வரகுக்கு அது இல்லை. கழுவிய நெல் உமியைக் கலந்தால்தான் அடியில் அடைக்காமல் இறங்கும்.

நான்கைந்து சாம்பிள்தான் என்றால் நானே காரை ஓட்டிக்கொண்டு ஓசூர் திரும்பலாமா?
— பெயர் வேண்டாம், ஓசூர்

கூடாது. 5 சதவீத பீர் 100 மில்லியில் ஏறக்குறைய 4 கிராம் ஆல்கஹால், ஐந்து சாம்பிளுக்கு 20 கிராம். சட்டம் அனுமதிப்பது 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு, வெறும் வயிற்றில் வேகமாகக் குடித்தால், 20 கிராமே அதைத் தாண்டிவிடும். எடை குறைந்தவர்களுக்கும் பெண்களுக்கும் இன்னும் சீக்கிரம். குடிக்காத ஒருவர் ஓட்டட்டும், இல்லையென்றால் பஸ் இருக்கிறது.