மாணவர்களுடன் ஓடும் இச்சிரோ

கேள்வி: பேஸ்பால் வீரர் இச்சிரோ சுசூகி, ஓய்வுக்குப் பின் பள்ளி மாணவர்களுக்குப் பயிற்சி அளிக்கிறாராமே?

பதில்: உண்மைதான். ஜப்பானில் 1,278, அமெரிக்காவில் 3,089 என மொத்தம் 4,367 ஹிட்களை (பந்தை அடித்துவிட்டு, ஆட்டமிழக்காமல் ஒரு தளத்துக்கு ஓடிச் சேர வழிசெய்யும் அடிகளை) குவித்த அவர், 2004இல் ஒரே பருவத்தில் 262 ஹிட்கள் அடித்து, 1920 முதல் நிலைத்திருந்த அமெரிக்க வீரர் ஜார்ஜ் சிஸ்லரின் சாதனையை முறியடித்தார். ஆயினும் என் மனத்தில் நிற்பது அவருடைய கைவீச்சே: 2001 ஏப்ரலில் ஓக்லண்டில், வலப்புற வெளிக்களத்திலிருந்து அவர் எறிந்த பந்து தரையைத் தொடாமலேயே மூன்றாம் தளத்தில் நின்ற சக வீரரின் கையுறைக்குள் போய்ச் சேர, ஓடிவந்தவர் ஆட்டமிழந்தார்.

2019 மார்ச்சில் டோக்கியோவில் விடைபெற்றார். தொழில்முறை வீரர்கள் மாணவர்களுக்குப் பயிற்சி அளிக்க ஜப்பானில் நெடுங்காலமாகக் கட்டுப்பாடு உண்டு என்பதால், இத்தனை புகழ் பெற்றவரும் மற்றவர்களைப் போலவே வகுப்பில் அமர்ந்து, உரிய தகுதியை 2020இல் பெற்றார். அவ்வாண்டு டிசம்பரில் சிபென் வகாயாமா உயர்நிலைப் பள்ளியில் மூன்று நாள் பயிற்சி அளித்தார். மறுகோடையில் அப்பள்ளியே, உயர்நிலைப் பள்ளிகளுக்கான தேசிய பேஸ்பால் போட்டியான கோஷியனில் வாகை சூடியது. அவ்வெற்றி முழுவதையும் அவர் கணக்கில் எழுதுவது அந்த மாணவர்களுக்கு நியாயமாகாது. உயர்நிலைப் பள்ளி மாணவியரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட அணியுடன் அவர் ஆடும் ஆட்டங்களையே நான் பெரிதாக மதிக்கிறேன். 2021இல் அம்மாணவியருக்கு எதிராக 147 பந்துகளையும் தாமே வீசினார்.