செம்பருத்தியில் மாவுப்பூச்சி: வீட்டுத் தோட்டம் கேள்வி-பதில்

கேள்வி: மொட்டை மாடியில் எட்டுத் தொட்டிகளில் செம்பருத்தி வளர்க்கிறேன். இரண்டு மாதங்களாகத் தளிர்களிலும் மொட்டுகளிலும் பஞ்சை ஒட்டவைத்ததுபோல் மாவுப்பூச்சி அப்பிக்கிடக்கிறது. கடையில் கொடுத்த பூச்சிமருந்தை மூன்று முறை அடித்தும் முன்பைவிட அதிகமாகிவிட்டது. மருந்தின் அளவைக் கூட்டலாமா?
- வாசகி, ஈரோடு

பதில்: கூட்ட வேண்டாம், அம்மா, அந்த மருந்தையே நிறுத்திவிடுங்கள். மாவுப்பூச்சியின் உடலைப் போர்த்தியிருக்கும் மெழுகு மருந்தை உள்ளே இறங்கவிடாது. அதன் முட்டைகளும் பஞ்சுப் பைக்குள் பத்திரமாக இருக்கும். அதைத் தின்ன வரும் பொறிவண்டுக்கும், அதன் உடலுக்குள் முட்டையிடும் நுண்ணிய குளவிக்கும் அப்படி ஒரு கவசம் இல்லாததால், மருந்தடித்தவுடன் முதலில் மடிவது அவைதான். எதிரிகள் ஒழிந்த செடியில் மிஞ்சிய பூச்சிகள் தடையின்றிப் பெருகுகின்றன.

உங்கள் மாவட்டத்தில் மல்பெரி பயிரிட்டவர்களைக் கேட்டால் இதை அனுபவமாகவே சொல்வார்கள். 2008-இல் இந்தியாவில் முதன்முதலாகக் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பல பயிர்களில் பரவி, மருந்துக்கு அடங்காமல் விவசாயிகளைத் திணறடித்தது. அது வெளிநாட்டிலிருந்து வந்த பூச்சி என்பதால் அதை அடக்கக்கூடிய இயற்கை எதிரி இங்கே போதுமான அளவு இருக்கவில்லை. 2010-இல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூருக்கு வரவழைக்கப்பட்டு, பெருக்கப்பட்டு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உதவியோடு வயல்களில் விடப்பட்டன. அவற்றில் அசெரோபேகஸ் பப்பாயே என்ற குளவி, குண்டூசித் தலையைவிடப் பெரிதில்லாத ஒன்று, டப்பா டப்பாவாக அடித்த மருந்தால் முடியாததைச் செய்து முடித்தது. அந்தப் பப்பாளி மாவுப்பூச்சி செம்பருத்தியிலும் வாழக்கூடியது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: அதிகம் அப்பிய நுனிகளை வெட்டிச் சோப்புத் தண்ணீர் வாளியில் அமிழ்த்துங்கள், மக்குத் தொட்டியில் போடாதீர்கள். மற்ற இடங்களில் பழைய பல்துலக்கியால் தேய்த்து, குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். அதற்குப் பிறகும் மிச்சமிருந்தால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும், அது கலப்பதற்குச் சிறிதளவு காதி சோப்புக் கரைசலும் சேர்த்து, வெயில் தணிந்த மாலையில், பூச்சியுள்ள இடத்தில் மட்டும் இலையின் அடிப்பக்கம் நனைய வாரம் ஒரு முறை தெளியுங்கள். எறும்பையும் கவனிக்க வேண்டும்: மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைக் காவல் காப்பதோடு, பொறிவண்டுகளையும் விரட்டிவிடும். செடியின் கிளைகள் சுவரையோ பக்கத்துத் தொட்டியையோ தொடாதபடி கவாத்து செய்தாலே எறும்பின் வழி பாதி அடைபட்டுவிடும்.

ஒரு வேண்டுகோள். மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள், அதே வெள்ளை மெழுகு இழைகளோடு, ஆனால் அதைவிடப் பெரிதாகவும் சுறுசுறுப்பாக ஊர்ந்துகொண்டும் ஒரு புழுவைப் பார்த்தால் தேய்த்துவிடாதீர்கள். அது கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் இளம்புழு. மாவுப்பூச்சிதான் அதன் உணவு. பெரிய மாவுப்பூச்சி என்று நினைத்து இதைத்தான் முதலில் நசுக்குகிறோம். நானும் பல முறை நசுக்கியிருக்கிறேன், இன்றும் அதற்காக வருந்துகிறேன்.

கேள்வி: சமையலறைக் கழிவை மூடிபோட்ட பக்கெட்டில் சேர்த்து மக்க வைக்கிறேன். பத்து நாட்களில் நாற்றம் தாங்க முடியவில்லை. புழுவும் வந்துவிட்டது.
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஈரம் மிகுந்து காற்று குறைந்தால்தான் நாறும். காய்கறித் தோலும் பழக்கழிவும் பெரும்பாலும் தண்ணீர். அவற்றோடு காய்ந்த பொருள் சேராவிட்டால் மக்காமல் அழுகும். பக்கெட்டின் அடியிலும் பக்கவாட்டிலும் துளையிட்டு, ஒரு கை கழிவு போட்டால் இரண்டு கை சருகோ கிழித்த செய்தித்தாளோ போட்டு மூடுங்கள். மூன்று நாளுக்கொரு முறை கிளறிவிடுங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் கசிவதே சரியான ஈரப்பதம். சமைத்த சோறு, குழம்பு, எண்ணெய்ப் பண்டங்களைத் தவிர்த்துவிடுங்கள். தட்டையான, கணுக்கணுவான புழுவாக இருந்தால் அது பெரும்பாலும் கறுப்புப் படைவீரர் ஈயின் புழுவாக இருக்கும். அது கழிவை வேகமாகத் தின்று மக்கச் செய்வதேயன்றி வேறு கெடுதல் செய்யாது. தெருவில் கூட்டிக் கொளுத்தும் வேப்பஞ்சருகை ஒரு சாக்கில் சேர்த்து வைத்துக்கொண்டால் ஆண்டு முழுவதும் கவலையில்லை. சருகைக் கொளுத்துவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது.

கேள்வி: தென்னை நார்க்கழிவுக் கட்டி வாங்கி, ஊறவைத்து, அதில் மட்டும் கீரையும் மிளகாயும் விதைத்தேன். இலை ஓரம் கருகி, செடி வெளுத்து நிற்கிறது.
- வாசகி, சென்னை

பதில்: இதில் இரண்டு காரணங்கள் சேர்ந்திருக்கின்றன. நார்க்கழிவில் இயல்பாகவே உப்புகள் இருக்கும். உவர் நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்ததென்றால் இன்னும் கூடுதலாக இருக்கும். இலை ஓரம் கருகுவது அதனால்தான். ஊறவைத்த தண்ணீரை வடித்து, குறைந்தது மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே பயன்படுத்த வேண்டும். அடுத்து, நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்துவைக்குமே தவிர அதில் செடிக்கான சத்து மிகக் குறைவு. மக்காத நார், இருக்கும் கொஞ்சத் தழைச்சத்தையும் நுண்ணுயிர்களுக்காக இழுத்துக்கொள்வதால் இலை வெளுக்கிறது. மண், நன்கு மக்கிய உரம், அலசிய நார்க்கழிவு மூன்றையும் சம பங்காகக் கலந்து மறுபடி நடுங்கள். செம்மண்ணை மூட்டை மூட்டையாக வாங்காதீர்கள். அதற்காக எங்கோ ஒரு நிலம் தோண்டப்படுகிறது. காய்ப்பு முடிந்த தொட்டி மண்ணை வெயிலில் காயவைத்து, மக்கு உரம் சேர்த்தால் திரும்பத் திரும்பப் பயன்படும்.

கேள்வி: ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா?
- வாசகர், ராமநாதபுரம்

பதில்: வேண்டாம். குடிநீரிலிருந்து பிரிக்கப்பட்ட உப்பெல்லாம் அதில் செறிந்திருக்கிறது. தொட்டி மண்ணில் அது படிந்துகொண்டே போகும். தரை துடைக்க வைத்துக்கொண்டு, அரிசி களைந்த கழுநீரைச் செடிக்கு ஊற்றுங்கள்.

கேள்வி: கடையில் வாங்கிய தக்காளி விதையில் நன்றாகக் காய்த்தது. அந்தப் பழத்தின் விதையைப் போட்டபோது ஒவ்வொரு செடியும் ஒரு விதமாக வந்தது. ஏன்?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: நீங்கள் வாங்கியது வீரிய ஒட்டு விதையாக இருக்கும். இரண்டு வேறுபட்ட இரகங்களைக் கலந்து உருவாக்கியது என்பதால் அடுத்த தலைமுறையில் குணங்கள் சிதறிப்போகும். வரும் ஆடிப்பட்டத்துக்கு நாட்டுத் தக்காளியும் நாட்டுக் கத்தரியும் தேடிப் பிடியுங்கள். தக்காளி விதையை அதன் கூழோடு இரண்டு நாள் புளிக்கவைத்து, வழவழப்பு நீங்கக் கழுவி, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். கத்தரி, செடியிலேயே மஞ்சளாகப் பழுத்தால்தான் விதை முற்றும். ஆகவே காய்க்கத் தொடங்கியதுமே நல்ல செடி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் இரண்டு காய்களுக்கு நூல் கட்டி, குழம்புக்குப் பறித்துவிடக் கூடாதென்று வீட்டிலுள்ள எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.