விலையை ஏற்றியும் மெயின் ட்ரிப் ஆவது ஏன்?

கேள்வி: வள்ளியூர் பக்கம் நாற்கரச் சாலையில் ஓட்டல் நடத்துகிறேன். அனுமதி பெற்ற மின்சுமை 75 கிலோவாட். மின்வண்டிகளுக்காக 30 கிலோவாட் டிசி சார்ஜர் இரண்டும், 7.4 கிலோவாட் ஏசி சார்ஜர் இரண்டும் வைத்திருக்கிறேன். சுமை கூடினால் யூனிட் விலை ஏறவும், குறைந்தால் இறங்கவும் மகன் புரோகிராம் எழுதினான். அப்படியும் மத்தியானத்தில் மெயின் ட்ரிப் ஆகிறது. பெரிய எம்சிசிபி (சுமை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் மெயின் பிரேக்கர்) போட்டுவிடலாமா?

பதில்: அண்ணாச்சி, மகன் பிடித்த வழி நல்ல வழிதான். தகவல் வலையமைப்புகளில் வேகத்தைப் பங்கிடுவது பற்றி கணித அறிஞர் ஃபிராங்க் கெல்லியும் இன்னும் இருவரும் 1998-இல் எழுதிய கட்டுரையும் இதைத்தான் சொல்கிறது: நெரிசலுக்கு ஒரு விலை வைத்தால், அவரவர் தேவையைத் தாமே குறைத்துக்கொள்வார்கள். ஆனால் விலை சரியான இடத்துக்கு வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள் சுமை எல்லையைத் தாண்டலாம். இணையத்தில் தாண்டினால் தகவல் தாமதமாகும், அவ்வளவுதான். உங்கள் ஓட்டலில் கேபிள் சூடாகும். அதோடு, வண்டியைச் சார்ஜில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவர் விலை ஏறிவிட்டதென்று பாதி இலையில் எழுந்து வரமாட்டார்.

ஆகவே விலை வைப்பதையும் எல்லையைக் காப்பதையும் பிரித்துவிடுங்கள். எல்லையைக் காப்பது, சார்ஜர்களுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் கண்ட்ரோலரின் வேலை. சமையலறை, குளிர்சாதனம், கிரைண்டர் எல்லாம் ஓடினால் 20 கிலோவாட் என்று வைப்போம். மீதி 55. அதில் 5-ஐத் தொடவே வேண்டாம். 50-ஐப் பங்கிட்டால் ஏசி சார்ஜர்களுக்கு முழுதாக 7.4, டிசி இரண்டுக்கும் தலா 17.6. புது வண்டி வந்தால், ஓடுகிற வண்டிகளுக்கு முதலில் குறைக்க வேண்டும். சுமை இறங்கியதை மீட்டரில் பார்த்த பிறகுதான் புதியதைத் திறக்க வேண்டும். ஏசி சார்ஜர் குறைக்கச் சொன்னாலும் வண்டி அடங்க 5 விநாடி வரை ஆகலாம். இந்த வரிசையை மட்டும் மாற்றவே கூடாது. கண்ட்ரோலரோடு தகவல் இணைப்பு அறுந்தால் சார்ஜர் தானாகவே குறைந்த அளவுக்கு இறங்கும்படியும் வையுங்கள். ஏசி சார்ஜரில் 6 ஆம்பியருக்குக் கீழே கொடுக்க முடியாது. பங்கு அதற்கும் கீழே போனால் ஒரு வண்டியைக் காக்க வைப்பதுதான் வழி.

அப்புறம், ஏசி சார்ஜர் இரண்டும் ஒரே பேஸில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் 32 ஆம்பியர் இழுக்கும். மொத்தக் கிலோவாட் எல்லைக்குள் இருந்தாலும், அந்த ஒரு பேஸ் மட்டும் 64 ஆம்பியரைக் கூடுதலாகச் சுமக்கும். கிலோவாட்டை மட்டும் பார்க்கிற புரோகிராமுக்கு இது தெரியாது. எனக்கு முதல் சந்தேகம் இங்கேதான்.

விலையை நேரத்துக்குத் தகுந்தபடி மெதுவாக மாற்றினால் போதும். வண்டியைச் சார்ஜில் போடும்போது சொன்ன விலையையே கடைசிவரை வாங்குங்கள். இடம் மிச்சமிருக்கும் நேரத்தில் நெரிசலுக்கென்று தனியாக எதுவும் வாங்கக் கூடாது.

பெரிய எம்சிசிபி வேண்டவே வேண்டாம். கேபிள் எவ்வளவு தாங்கும் என்று பார்த்து வைத்தது அது. பெரிதாகப் போட்டால் ட்ரிப் நிற்கும், கேபிள் கருகும். கூடுதல் சுமை வேண்டுமென்றால் மின்வாரியத்தில் விண்ணப்பித்து, கேபிளையும் சேர்த்தே மாற்றுங்கள்.