குறைந்த மதிப்பெண்

அன்புள்ள ஐயா,

பள்ளிகளில் போதைப்பொருள் விழிப்புணர்வு வகுப்புகள் நடத்துகிறேன். தொடங்கும் முன்பும் முடிந்த அன்று மாலையும் ஒரே வினாத்தாளைக் கொடுக்கிறோம். மாணவர்களின் சராசரி பத்துக்கு 5லிருந்து 8 ஆக உயர்கிறது. சிலருக்கு மட்டும் குறைகிறது. அந்தத் தாள்களை விலக்கிவிடலாமா? இதைவிடத் துல்லியமான அளவுகோல் உண்டா?

க.

அன்புள்ள க.,

விலக்காதீர்கள். நான் ஆசிரியராக இருந்தபோது கோபத்தைப் பற்றி எட்டு வாரம் வகுப்பு எடுத்தேன். ‘எனக்குக் கோபம் வருவதில்லை’ என்ற வரிக்கு முதல் நாள் ஐந்து போட்ட பையன் கடைசி நாள் இரண்டு போட்டான். கூப்பிட்டுக் கேட்டேன். “தங்கையை அடிப்பதும் கோபம்தான் என்று அப்போது தெரியாது சார்” என்றான். என் வகுப்பில் எதையோ கற்றுக்கொண்டவன் அவன். அவனைப் போன்றவர்களின் தாளைத்தான் நீங்கள் ஒதுக்கப் பார்க்கிறீர்கள்!

எட்டு வந்த பிள்ளைகளும் பொய் சொல்லவில்லை. அன்பாகப் பேசியவர் எதிரிலேயே நிற்கும்போது அவர் மனம் கோணாமல் எழுதுகிறார்கள். அதை மாற்றம் என்று எண்ணி நீங்கள் அறிக்கை எழுதுவதுதான் எனக்குக் கோபமூட்டுகிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்ற இரண்டு ஊர்களில், சிறுவர்கள் குற்றத்தில் விழாமல் தடுக்க 1939இல் ஒரு திட்டம் தொடங்கியது. ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவரின் கனவு அது. 506 சிறுவர்களை ஒத்த இணைகளாகப் பிரித்தார்கள். இணையில் யாருக்கு உதவி என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்தார்கள். ஆலோசகர்கள் சராசரியாக மாதம் இருமுறை வீடு தேடிப் போனார்கள். படிப்பு, மருத்துவம், கோடை முகாம் என்று ஐந்தாண்டுகளுக்கு மேல் பார்த்துக்கொண்டார்கள். உங்கள் ஒரு நாள் வகுப்பை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற குற்றவியல் ஆய்வாளர் அந்தச் சிறுவர்களைத் தேடிப் பிடித்தார். உதவி பெற்று வளர்ந்தவர்களில் பதில் சொன்னோரில் மூன்றில் இரண்டு பங்கினர், அது தங்களுக்கு நன்மை செய்தது என்றார்கள். அது இல்லாவிட்டால் சிறைக்குப் போயிருப்போம் என்றவர்களும் உண்டு. மெக்கார்ட் அத்தோடு நின்றிருந்தால் இன்றுவரை கொண்டாடியிருப்போம். அவர் நீதிமன்றப் பதிவுகளையும் மருத்துவமனைப் பதிவுகளையும் இறப்புப் பதிவுகளையும் புரட்டினார். மீண்டும் குற்றம் செய்தவர்களும் குடிக்கு அடிமையானவர்களும் உதவி பெற்றவர்களிடையே அதிகம். இறந்தவர்களில் அவர்களே இளவயதில் போயிருந்தார்கள். 1978இல் இதை வெளியிட்டார். நன்றி சொன்னவர்களின் வார்த்தை உண்மை. ஆனால் பயன் நேர்ந்ததா என்பதற்கு அது சாட்சியாகவில்லை. உதவி பெறாத மற்றொரு பாதி இல்லாதிருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

அளவுகோல் கேட்டீர்கள். எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பள்ளிகளுக்கும் இந்த ஆண்டே போக உங்களிடம் ஆள் இருக்காது. யாருக்கு இந்த ஆண்டு, யாருக்கு அடுத்த ஆண்டு என்று சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். ஓராண்டு கழித்து, நீங்கள் போகாமல் பிள்ளைகளுக்கு முகம் தெரியாத ஒருவரை அனுப்பி, வகுப்பு நடந்த பள்ளிகளிலும் இன்னும் நடக்காத பள்ளிகளிலும் பெயர் எழுதாமல் கேட்கச் சொல்லுங்கள்.

இந்த வாரமே மதிப்பெண் குறைந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர்கள் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.